ஆறரை வரை ராகு

“ஞாயித்துக்கிழமை ஐஞ்சு மணி எண்டால் ராகு காலமல்லோ?” என்று நேசம்மா கேட்டதும், வல்லிபுரம் வாயருகே கொண்டுபோன கடலையைத் திரும்பப் பொட்டலத்திலேயே போட்டார்.

கோயிலுக்கென்று மத்தியானம் புறப்பட்ட மனைவி, பொழுது சாய்ந்த பிறகுதான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். வரும்போது காகிதக் கூம்பு நிறையக் கச்சாங் பூத்தே வாங்கி வந்தாள். வறுத்த கடலை கையில் கிடைத்துவிட்டால் வல்லிபுரம் வேறு எதையும் விசாரிக்கமாட்டார். இந்தக் கேள்வி மட்டும் கடலையையும் மீறி உள்ளே போய்விட்டது.

மறுநாள் ஐந்து மணிக்கு நடக்கவிருந்தது கல்யாணமோ காதுகுத்தோ அல்ல, சர்வதேச கயாக் போட்டியின் பெண்கள் இறுதி ஓட்டம். கயாக் என்பது ஓர் ஆள் மட்டும் கால்நீட்டி உட்கார்ந்து, துடுப்பை இரண்டு பக்கமும் மாறி மாறிப் போட்டு ஓட்டும் ஒல்லிப் படகு. ஆறு நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். நகரத்துக்கு வெளியே ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட பெரிய குட்டை ஒன்றில் மிதவைகளைக் கட்டி, கரையில் நான்கு பூச்சட்டி வைத்து, அதற்கு ஏரி என்று பெயரும் சூட்டியிருந்தார்கள்.

அந்த ஓட்டத்தைத் துப்பாக்கி சுட்டுத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டர் வல்லிபுரம். அவருக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் தலை சுற்றும். ஆனால் தண்ணீர் சம்பந்தப்பட்ட ஓர் அரசாங்க இலாகாவில் அவர் தலைமைக் குமாஸ்தா. படகுச் சங்கம் தொடங்கியபோது தண்ணீர் விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று தேடி, இவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சங்கம் கொடுத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டால் அவர் வீட்டுக்குள்கூட நிமிர்ந்துதான் நடப்பார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒன்றாம் தடத்தில் ஓடப்போவது அவருடைய ஒரே மகள் குணபூசணி. முதல் இரண்டு இடங்களில் வருகிறவர்களுக்கு ஜப்பானில் ஆறு மாதப் பயிற்சி கிடைக்கும். குணபூசணி பள்ளிக்கூட ஆசிரியை. இனிமேல் படகு, துடுப்பு என்று லீவு கேட்டு வராதே என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நாளைக்குத் தவறினால் அவள் படகு வீட்டுக் கூரைக்கடியில் தொங்க வேண்டியதுதான்.

அப்பா சுட மகள் ஓடலாமா என்று சங்கத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்குச் சங்கத்தில் ஆட்கள் இல்லை. வல்லிபுரம் மட்டும் அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, பதிலாக மகளிடம் இரண்டு மடங்கு விறைப்பாக நடந்துகொண்டார்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அவள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். மத்தியானத்துக்கு மேல் குட்டையில் பக்கவாட்டுக் காற்று அடிக்கிறது, ஒன்றாம் தடம்தான் திறந்த பக்கம், மற்ற நாட்டுப் பெண்கள் நல்ல கனம், தன் படகின் மூக்கை மட்டும் காற்று திருப்பிவிடுகிறது, ஓட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று. வல்லிபுரம் சோற்றுக் கையோடு எழுந்தே நின்றுவிட்டார். காற்று அடிக்கிறது, இலை ஆடுகிறது என்றெல்லாம் ஒரு சர்வதேசப் போட்டியைத் தள்ளி வைக்க முடியாது, விதிப் புத்தகத்தில் காற்றுக்கு இடமில்லை, மகள் என்பதற்காக ஒரு நிமிஷம்கூட அசையமாட்டேன் என்று பிரசங்கம் செய்தார். விதிப் புத்தகத்தில் ஸ்டார்ட்டரின் உடை எப்படி இருக்க வேண்டும் என்ற பக்கம் வரைக்கும்தான் அவர் படித்திருந்தார் என்பது வேறு விஷயம். குணபூசணி தலையைக் குனிந்துகொண்டாள். நேசம்மா அவர் சோற்றில் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினாள்.

காற்றுக்கு அசையாத மனிதர்தான். ஆனால் ராகு என்றால் வல்லிபுரத்துக்குப் பயம். வெளியே சொல்லமாட்டார். ஆபீசில் ராகு காலத்தில் ஏதாவது பைல் வந்தால் பேனாவில் மை தீர்ந்துபோகும், அல்லது மூக்குக் கண்ணாடி காணாமல் போகும். பத்து வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய அதிகாரி பக்கத்திலேயே நின்றதால் வேறு வழியில்லாமல் பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே பந்திங்குக்கு மாற்றல் வந்தது. மூன்று வருஷம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தூக்கம் வராது.

சுவரில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரைப் பார்த்தார். ஞாயிறு ராகு நாலரை முதல் ஆறு. சந்தேகமே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தவர் முகம் திடீரென்று தெளிந்தது. தலைமைக் குமாஸ்தா என்றால் சும்மாவா?

அந்த வருஷம், எண்பத்திரண்டு பிறந்ததும், மலேசிய அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களையெல்லாம் அரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தது. காலண்டர் அதற்கு முன்பே அச்சானது. அதில் இருப்பது பழைய நேரம். கடிகாரத்தைத் தள்ளினாலும் சூரியன் தள்ளிப் போகவில்லை. ஆகவே புது நேரப்படி உண்மையான ராகு ஐந்துக்குத் தொடங்கி ஆறரைக்குத்தான் முடியும். ஐந்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் சுட்டுவிட்டால் ராகுவும் இல்லை, போட்டியும் கெடாது. இதை அவர் ஒரு சுற்றறிக்கை வாசிப்பதுபோல் மனைவிக்கு விளக்கினார்.

நேசம்மா கவனமாகக் கேட்டாள்.

“அப்ப ராகு ஆறரை மட்டும் இருக்கிறார் எண்டு நீங்களே சொல்லுறியள்” என்றாள்.

“ஓம். ஆனால் தொடங்கிறது ஐஞ்சுக்கு.”

“காலண்டரிலை நாலரைக்குத் தொடங்குது எண்டு போட்டிருக்கே.”

“அது பழைய நேரம் எண்டு இப்பத்தானே சொன்னனான்.”

“எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதப்பா. காலண்டர் ராகு நாலரைக்கு வாறார். சூரியன்ட ராகு ஆறரைக்குப் போறார். ரண்டு பேரையும் பகைக்காமல் ஆறரைக்குப் பிறகு விடுங்கோ. கோயிலிலும் அப்பிடித்தான் சொல்லிச்சினம்.”

ஒரு ராகுவே மூன்று வருஷம் பந்திங்கில் வைத்தார். இரண்டு ராகு சேர்ந்தால் எங்கே வைப்பார்கள் என்று வல்லிபுரம் யோசித்தார். எப்போதும் நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்காத மனைவி இன்றைக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறாளே என்று நினைத்தபோது பயம் இன்னும் கூடியது. மிச்சக் கடலை அப்படியே கிடந்தது.

ஞாயிறு காலையிலேயே சங்கத் தலைவர் டத்தோவுக்குப் போன் போட்டார். ராகு என்று சொல்ல முடியாது. மாலை வெளிச்சத்தில் படம் நன்றாக விழும், ஓட்டத்தை ஆறரைக்கு மேல் வைத்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். பரிசு கொடுக்க டான்ஸ்ரீ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், அவருக்கு நேரம் இல்லை, ஐந்து என்றால் ஐந்துதான் என்று டத்தோ போனை வைத்துவிட்டார்.

வல்லிபுரம் சோரவில்லை. ஓட்டத்தைத் தள்ள முடியாவிட்டால் ஓட்டத்துக்கு முன்னால் வேறு எதையாவது செருகலாம். அப்படிச் செருகுவதற்கு நம்மிடம் இல்லாத சரக்கா? செயற்குழுவில் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, சிறப்புரைக்கு முன்னோட்டவுரை என்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லாரும் பேசி முடிக்க ஏழு மணியாகும் என்று நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

ஆனால் டான்ஸ்ரீக்கு அன்று மாலை கிள்ளானில் ஒரு கல்யாணம் இருந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே வந்துவிட்டார். அவருக்கு ரோஜா மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தார்கள். முதல் பேச்சாளர் தொண்டையைச் செருமி, கடல் கடந்து வந்த நம் முன்னோர்களிடமிருந்து தொடங்கினார். அவர்கள் கப்பலில் ஏறுவதற்குள் டான்ஸ்ரீ ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, விளையாட்டு வீரர்கள் துடுப்பால்தான் பேச வேண்டும் என்று சொல்லி, பேச்சுகளையெல்லாம் ரத்து செய்தார். கைதட்டல் பலமாக இருந்தது. அந்த உற்சாகத்தில், பெண்கள் ஓட்டத்தை இப்போதே விட்டுவிடுங்கள், நான் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

வல்லிபுரம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி சரியாக நாலரை.

நேசம்மா குடையோடு கூடாரத்துக்குப் பின்னால் வந்து நின்றாள். “காலண்டர் ராகு வந்திட்டார்” என்று மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்டார்ட்டர் நிற்பதற்குக் கரையிலிருந்து தள்ளி ஒரு மரத் தெப்பம் கட்டியிருந்தார்கள். அதில் அவரும் ஜெயராஜும் நின்றார்கள். படகுகளின் மூக்கு ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஜெயராஜின் வேலை. அவன் பண்டமாரானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த துறைமுகத்து ஆள், சுறுசுறுப்பானவன். அன்றைக்கு அந்தச் சுறுசுறுப்புதான் வல்லிபுரத்துக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

ஆறு படகுகள் கோட்டுக்கு வந்தன. வல்லிபுரம் குனிந்து பார்த்து, ஐந்தாம் படகு முன்னால் நிற்கிறது என்றார். ஐந்தாம் படகு பின்னால் போனது. இரண்டாம் படகு பின்னால் நிற்கிறது என்றார். அது முன்னால் வந்தது. அதற்குள் காற்றில் மூன்றாம் படகு திரும்பிக்கொண்டது. மூன்றைச் சரிசெய்தால் ஒன்று நகர்ந்தது. இப்படியே ஒரு நல்ல இருபது நிமிஷம் ஓடியது. வல்லிபுரம் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தபோது, ஜெயராஜ் ஒரு கயிற்றை எடுத்து, ஒவ்வொரு படகின் வாலையும் மிதவையோடு சேர்த்துப் பிடிக்க மிதவைகளின்மேல் ஆட்களை உட்கார்த்திவிட்டான்.

“சார், இப்ப பென்சில் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்கு. சுடுங்க லா” என்றான்.

வேறு வழியில்லை. சுட்டார். படகுகள் பாய்ந்தன. உடனே இரண்டாவது முறையும் சுட்டு எல்லாரையும் திருப்பி அழைத்தார். ஆறாம் படகு முந்திவிட்டது என்றார். ஆறாம் தடத்தில் இருந்த ஆஸ்திரேலியப் பெண் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி வந்து வரிசை சேரக் கால் மணி நேரத்துக்கு மேல் போனது. நல்ல உபாயம் கிடைத்துவிட்டது, தடத்துக்கு ஒரு குற்றமாகச் சாட்டினாலே ஆறரை ஆகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார்.

அடுத்த முறை அவர் துப்பாக்கியை உயர்த்தும் முன்பே ஒரு படகு காற்றில் தள்ளப்பட்டு, வாலைப் பிடித்திருந்தவர் கையிலிருந்து நழுவி முன்னே ஓடிவிட்டது.

“லேன் ஒன்! பால்ஸ் ஸ்டார்ட்!” என்று ஜெயராஜ் ஊருக்கே கேட்கக் கூவினான்.

ஒன்றாம் தடம் குணபூசணி. இரண்டு தடவை முந்தினால் ஓட்டத்திலிருந்தே நீக்கம். இந்தக் காற்றில் இன்னொரு முறை வரிசை கலைந்தால் முதலில் நகரப்போவது அவள் படகுதான். தப்பான தொடக்கம் என்ற உபாயம் அத்தோடு முடிந்தது. மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. பந்திங் நினைவெல்லாம் போய், அவள் சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது அப்படிப் பார்ப்பாள் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. எப்படியாவது இவளை ராகுவிடமிருந்து காப்பாற்றிவிட வேண்டும் என்று அவர் மனம் துடித்தது.

தோட்டாப் பெட்டியைக் கையில் எடுத்தார். கை நழுவி அது தண்ணீரில் விழுந்தது.

ஐயையோ என்று தலையில் கைவைத்தார். வேறு தோட்டா எடுத்துவர யாராவது நகரத்துக்குப் போய் வந்தால் ஒரு மணி நேரமாவது ஆகும். ஆனால் இவர் தலையில் வைத்த கையை எடுப்பதற்குள் விசைப்படகு ஒன்று தெப்பத்தை ஒட்டி வந்து நின்றது. அதில் ஜப்பானிய மேற்பார்வையாளர் மொரிட்டா நின்றிருந்தார். சர்வதேச அமைப்பு அனுப்பிய ஆள். சிரிக்காத மனிதர். எவ்வளவு நேரமாகத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. ஒரு சிவப்புக் கொடியை நீட்டி, துப்பாக்கி இல்லாவிட்டால் கொடி அசைத்துத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கொடி நனையாது, தீராது, நழுவினாலும் மிதக்கும். வல்லிபுரம் அதை வெறுப்போடு பார்த்தார்.

மணி ஐந்தே முக்கால். கரையில் நாலைந்து நாட்டுப் பயிற்சியாளர்கள் நாலைந்து மொழியில் சத்தம் போட்டார்கள். டான்ஸ்ரீ எழுந்து கல்யாணத்துக்குப் போயேவிட்டார். டத்தோ ஒலிபெருக்கியில், ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். குடைக்கடியில் நேசம்மா நிற்பது தெரிந்தது. அவர் பார்ப்பதைக் கண்டதும் அவள் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, இல்லை என்று தலையசைத்தாள்.

“சார், கொடி” என்றான் ஜெயராஜ்.

வல்லிபுரம் கொடியை உயர்த்தினார். ஒரு அடி பின்னால் வைத்தார். பின்னால் தெப்பம் இல்லை.

கால் தவறியதா, தவறவிட்டாரா என்பதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. தெப்பத்தை ஒட்டிய இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும் என்று நம்பினார் என்பது மட்டும் நிச்சயம். ஈயம் தோண்டியவர்கள் அப்படி ஓரத்தில் பார்த்துத் தோண்டுவதில்லை. நீலக் கோட்டோடு நேராகக் கீழே போனார். மேலே வந்தபோது வாய் நிறையச் சேற்றுத் தண்ணீர் இருந்தது. மீட்புப் படகு பத்திரிகைப் படக்காரர்களை ஏற்றிக்கொண்டு முடிவுக் கோட்டுக்குப் போயிருந்தது.

முதலில் வந்து சேர்ந்தது குணபூசணியின் படகுதான். அதன் மூக்கை அவர் ஒரு கையால் கட்டிக்கொண்டார். அவள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஒன்று சொன்னாள்.

“கொடியை விட்டிடாதேங்கோ அப்பா.”

சாகக் கிடக்கும் வேளையிலும் சங்கத்தின் சொத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாளே, நம் இரத்தமல்லவா என்று அவருக்குக் கண் கலங்கியது. கொடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

ஜெயராஜ் கயிறு வீசி இழுத்தான். கரையில் முதலுதவிக்காரர்கள் அவரைக் குப்புறப் போட்டு அமுக்கி, குடித்த குட்டையில் பாதியை வெளியே எடுத்தார்கள். படகுகளை ஓய்வுக்குக் கரையோரம் அழைத்தார்கள். வல்லிபுரம் பிழைத்துவிட்டார் என்று தெரிந்ததும் டத்தோ, இனி இவர் வேண்டாம், ஜெயராஜே கொடி காட்டட்டும், உடனே விடுங்கள் என்று உத்தரவு போட்டார். ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஜெயராஜ் கையில் கிடைத்தால் அரை நிமிஷம் தாங்காது.

கொடியை எடுக்க வந்தார்கள். எடுக்க முடியவில்லை. வல்லிபுரம் கண்ணை மூடிக் கிடந்தார், விரல்கள் மட்டும் கொடிக் கம்பில் இரும்பாகப் பூட்டிக்கிடந்தன. ஒருவர் சுண்டுவிரலைப் பிரித்தால் கட்டைவிரல் மூடிக்கொண்டது. தண்ணீரில் விழுந்த அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும், பலவந்தம் பண்ணினால் விரல் முறியும் என்று முதலுதவிக்காரர் எச்சரித்தார். டத்தோ வேறு கொடி தேடச் சொன்னார். வாசலில் கட்டியிருந்த வரவேற்புத் துணியைக் கிழிக்கலாமா என்று யாரோ கேட்க, அதில் டான்ஸ்ரீயின் பெயர் இருக்கிறதே, கிழித்தால் நன்றாக இருக்குமா என்று செயற்குழு அங்கேயே கூடி விவாதிக்க ஆரம்பித்தது.

நேசம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். வல்லிபுரம் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருங்கோ” என்றாள் அவள், உதடு அசையாமல்.

செயற்குழு முடிவுக்கு வருவதற்குள் ஆறரை தாண்டிவிட்டது. நேசம்மா விசிறியை மடக்கினாள். செத்தவர் எழுந்ததுபோல் வல்லிபுரம் எழுந்து உட்கார்ந்தார். ஸ்டார்ட்டர் நான்தான், என் கடமையை நான்தான் முடிப்பேன் என்று சொட்டச் சொட்டத் தெப்பத்துக்குத் திரும்பினார். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். டத்தோவுக்கும் அலுத்துப்போயிருந்தது.

படகுகள் வந்து நின்றன. அசையாமல் நின்றன. ஜெயராஜ் ஒரே பார்வையில் சரி என்றான். கொடி விழுந்தது.

ஆறு படகுகளும் தண்ணீரைக் கீறிக்கொண்டு போயின. பாதி தூரம் வரை எது முன்னால் என்று தெரியவில்லை. பிறகு ஜப்பான்காரி கொஞ்சம் முந்தினாள். அவளுக்குப் பின்னால், ஒல்லியான இரண்டு கைகள் சக்கரம்போல் சுற்ற, ஒன்றாம் தடத்துப் படகு அம்பாய்ப் போனது. ஸ்டார்ட்டர் நடுநிலையோடு நிற்க வேண்டும் என்பதை மறந்து வல்லிபுரம் தெப்பத்தில் குதித்தார். ஜெயராஜ் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டான். குணபூசணி இரண்டாவதாக வந்தாள். வல்லிபுரம் ஈரக் கொடியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் பயம் வந்தது. ராகு விட்டாலும் டத்தோ விடமாட்டார். கோட்டைப் பறித்துக்கொள்வார்கள், ஆபீசுக்கும் ஒரு வார்த்தை போகும், மறுபடியும் பந்திங்தான் என்று நினைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். டத்தோவும் மொரிட்டாவும் அங்கே காத்து நின்றார்கள்.

மொரிட்டா இடுப்பு வரை குனிந்து வணங்கினார். பிறகு பேசினார். தன் அனுபவத்தில் இப்படியொரு ஸ்டார்ட்டரைப் பார்த்ததில்லை என்றார். அந்தப் பக்கவாட்டுக் காற்றில் ஓட்டத்தை விட்டிருந்தால் ஓரத் தடத்துப் பெண்களுக்குப் பெரிய அநியாயமாகியிருக்கும், விருந்தினரும் தலைவரும் அவ்வளவு நெருக்கியும் காற்று அடங்கும் வரை அசையாமல் நின்றது பெரிய துணிச்சல் என்றார். ஒரே ஒரு குறை. காற்று அதிகமாக இருந்தால் ஸ்டார்ட்டர் ஓட்டத்தைத் தள்ளி வைக்கலாம் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது, உடை பற்றிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில். அதைச் சொல்லி அறிவித்திருந்தாலே போதும், தண்ணீரில் விழுந்திருக்க வேண்டாம் என்றார்.

வல்லிபுரம் ஈரக் கோட்டை இழுத்துச் சரிசெய்தார். காது மடலிலிருந்து குட்டைத் தண்ணீர் வடிந்தது.

“ஓம், ஓம். காத்துக்காகத்தான் நிண்டனான். விதி எண்டால் விதிதான்” என்றார்.

அடுத்த சர்வதேசப் போட்டிக்கு மலேசியாவின் சார்பில் இவரையே ஸ்டார்ட்டராக அனுப்ப வேண்டுமென்று மொரிட்டா சொன்னார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார் டத்தோ.

கார் நிறுத்திய இடத்துக்கு வல்லிபுரமும் நேசம்மாவும் நடந்தார்கள். குணபூசணி படகைக் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். வல்லிபுரத்தின் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது, ஆனால் நடை நீலக் கோட்டுக்குரிய நடைதான். பார்த்தாயா, காற்று அது இது என்று வெள்ளந்தியாக அந்த ஜப்பான்காரர் சொல்கிறார், உண்மையில் இது ராகுவின் விளையாட்டு, இரண்டு ராகுவையும் மதித்ததற்குக் கைமேல் பலன், இந்த நுணுக்கமெல்லாம் வெளிநாட்டுக்காரருக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டே வந்தார். நேசம்மா, ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வந்தாள். வாசல் நெருங்க நெருங்க அவள் நடை மட்டும் ஏனோ வேகமானது.

வாசலில் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தட்டு கட்டி, காகிதக் கூம்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு கச்சாங் பூத்தே விற்கும் சின்னையா நின்றிருந்தார். தினமும் அந்தக் குட்டைக்கரையில் வியாபாரம் செய்கிறவர். நேசம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஒரு கூம்பை நிரப்பிக்கொண்டே குரல் கொடுத்தார்.

“என்னா ஆன்டி, நேத்து நான் சொன்ன மாதிரியே ஆறரைக்குக் கரெக்டா காத்து அடங்கிருச்சா?”